குடை பிடித்த நண்டு யாருடையது

எங்கள் மீன் குழம்புத் தூளில் நண்டு கிடையாது. இதை நான் கடைக்காரர்களிடமும், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமும், என் மகளின் கல்யாணப் பந்தியில் சம்பந்தி வீட்டாரிடமும் சொல்லியிருக்கிறேன். மிளகாய், தனியா, மிளகு, சீரகம், கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், வறுத்த கறிவேப்பிலை, அவ்வளவுதான். ஆனால் பாக்கெட்டின் மேல் ஒரு நண்டு இருந்தது. ஒரு கொடுக்கில் குடை பிடித்துக்கொண்டு, மழைக்காகக் காத்திருப்பதுபோல நின்றது. படத்தைப் பார்த்தவர்கள் அதைத்தான் நம்பினார்கள், என் பேச்சை நம்பவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் புதுப்பட்டினத்தில் குடியிருந்தோம். என் கணவருக்கு அணு ஆராய்ச்சி நிலையத்தின் கேன்டீனில் ஒப்பந்த வேலை. அவருடைய அக்கா, அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தள்ளுவண்டி போட்டு மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்தார். மத்தியானத்தில் ஒரு சட்டி குழம்பும் வைப்பார். நிலையத்து ஊழியர்களுக்கான டவுன்ஷிப்பில் குடியிருந்த பெண்கள், திருநெல்வேலி, கோயம்புத்தூர், தஞ்சாவூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள், வறுவலை வாங்கிக்கொண்டு அப்படியே மசாலாவைப் பற்றி விசாரிப்பார்கள். அண்ணி ஒளிக்காமல் சொல்லிவிடுவார். அவர்கள் வீட்டில் செய்து பார்த்துவிட்டு மறுபடியும் வருவார்கள். "நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன், அந்த வாசனை வரல, தூளாவே கொஞ்சம் கொடுங்களேன்" என்பார்கள்.

அப்படித்தான் தூள் வியாபாரம் தொடங்கியது. நான் வறுப்பேன், அண்ணி மிஷினுக்கு எடுத்துப்போய் நின்று அரைத்துக்கொண்டு வருவார், இரண்டு பேரும் உட்கார்ந்து பிளாஸ்டிக் கவரில் போட்டு மெழுகுவத்தியில் காட்டி ஒட்டுவோம். டவுன்ஷிப் மார்க்கெட்டில் ஒரு கடைக்காரர் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படம் இல்லாத பாக்கெட்ட எவம்மா வாங்குவான்? மருந்து மாதிரி கீது" என்றார்.

படத்துக்காகத் திருக்கழுக்குன்றத்திலிருந்து ஒரு பெயிண்டரைப் பிடித்தோம். மாமல்லபுரத்து ஓட்டல்களுக்குப் போர்டு எழுதுகிறவர். அன்றைக்கு மழை. எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து அட்டையை மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னா படம் போடணும்க்கா?"

"மீனு போடு" என்றார் அண்ணி.

"மீனுதான் எல்லாரும் போட்டுகினு கீறாங்களே."

வாசலில் அண்ணியின் கூடையிலிருந்து ஒரு நண்டு இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. பெயிண்டர் அதைப் பார்த்தார், சுவரோரம் விரித்துவைத்திருந்த குடையைப் பார்த்தார், வரைய ஆரம்பித்துவிட்டார். டீ ஆறுவதற்குள் படம் முடிந்தது. நண்டின் இரண்டு பக்கமும் மும்மூன்று கால்கள்தான் இருந்தன.

"கால் கொறையுதே" என்றார் அண்ணி.

"மீதி கால் பின்னாடி மறைஞ்சிருக்குதுக்கா."

வயிறாரச் சாப்பிட்டு, கூலியும் இரண்டு பாக்கெட் தூளும் வாங்கிக்கொண்டு போனார். எழுதி வாங்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும் என்றெல்லாம் யாருக்கும் தோன்றவில்லை. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அந்த நண்டையும், கீழே "நண்டு மார்க் மீன் குழம்புத் தூள்" என்பதையும், எங்கள் ஊரின் பெயரையும் அச்சடித்தோம். கொஞ்ச நாளில் யாரும் மீன் குழம்புத் தூள் என்று கேட்பதில்லை. நண்டுத் தூள் என்றார்கள். சைவக் குடும்பத்து அம்மா ஒருவர் புளிக்குழம்புக்கு இதைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். விருந்தாளி யாரோ பாக்கெட்டைப் பார்த்துவிட்டுச் சொன்ன பிறகு எங்கள் வீட்டுக்கே வந்து, இதில் நண்டு இருக்கிறதா என்று அழாத குறையாகக் கேட்டார். நான் அவரை அடுப்பங்கரைக்குக் கூட்டிப்போய் வறுப்பதைக் காட்டி அனுப்பினேன்.

சில வருஷங்கள் நன்றாகவே போயின. செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள் கோயில் வரை கடைகளுக்குப் போட்டோம். சிங்கப்பெருமாள் கோயிலில் புதிது புதிதாகத் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்த நேரம். அறை எடுத்துத் தங்கிச் சமைத்துச் சாப்பிடும் பையன்களால் அங்கே நல்ல விற்பனை. ஒருநாள் நான் அங்கே சரக்குப் போடப் போனபோது ஒரு பெண் கடை வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதான் நண்டுத் தூள் போடுறவளா? மாவக் கலந்து விக்கிறியே, நாயமா இது? கொயம்பு வெச்சா கூழு மாதிரி ஆவுது!"

பிரித்த பாக்கெட்டை என் கையில் திணித்தாள். நண்டு, குடை, மும்மூன்று கால். நாக்கில் வைத்துப் பார்த்தேன். அரிசி மாவு தெரிந்தது. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டு என் கையிலிருந்த புதுப் பாக்கெட் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது என் புத்தி எங்கெங்கோ போனது. மிஷின்காரர் மாற்றிவிட்டாரா? முன்னால் அரைத்தவர்களின் மாவு ஒட்டிக்கொண்டிருந்ததா? சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அண்ணியே எனக்குத் தெரியாமல் எதையாவது சேர்க்கிறாரோ என்றும் நினைத்தேன். வீட்டுக்கு வந்து பாக்கெட்டைக் காட்டியபோது அண்ணி அதை முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், அவருக்கும் அதே சந்தேகம் என் மேல் வந்திருப்பது தெரிந்தது. இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளாமலே சாயங்காலம் வரை வேலை பார்த்தோம்.

வேலை முடிந்து வந்த என் கணவர்தான் இரண்டு பாக்கெட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "யக்கா, இன்னா நீங்க ரெண்டு பேரும்? ஊரப் பாருங்க" என்றார். எங்களுடையதில் புதுப்பட்டினம் என்றிருந்தது. அதில் கடப்பாக்கம்.

அண்ணிக்கு உடனே போலீசுக்குப் போக வேண்டும். கணவருக்குக் கடப்பாக்கத்துக்கே போய்ச் சட்டையைப் பிடிக்க வேண்டும். டவுன்ஷிப்பில் எங்களிடம் தூள் வாங்கும் ஒரு அம்மாவின் தங்கை செங்கல்பட்டில் வக்கீலாக இருந்தார். முதலில் அவரைக் கேட்கலாம் என்று நான்தான் சொன்னேன். கோர்ட்டுக்கு எதிரே ஒரு மாடி அறை. வக்கீலுக்குச் சின்ன வயதுதான். நாங்கள் கொண்டுபோன இரண்டு பாக்கெட்டையும் வைத்துக்கொண்டு பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார்.

"சரி, இதுல உங்களுடையதுன்னு எதைச் சொல்றீங்க?" என்றார்.

"எல்லாமேதான்" என்றார் அண்ணி.

"மீன் குழம்புத் தூள்ங்கிற வார்த்தை எல்லாருக்கும் பொது. அதை யாரும் தனக்குன்னு வெச்சுக்க முடியாது. பக்குவம் இருக்கே, அதை யார்கிட்டயும் சொல்லாம ரகசியமா வெச்சிருந்தா அதுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. சொல்லியிருக்கீங்களா?"

அண்ணி என்னைப் பார்த்தார். டவுன்ஷிப்பில் பாதிப் பேருக்குச் சொல்லியாகிவிட்டது.

"நண்டு மார்க்கும் இந்தப் படமும்தான் உங்களைத் தனியாக் காட்டுது. அதைப் பதிவு பண்ணலாம். சின்ன வியாபாரத்துக்கு அதுதான் பெரிய சொத்து. கடையில எத்தனை தூள் தொங்கினாலும் ஜனங்க இந்தப் படத்தைத் தேடித்தானே எடுக்கிறாங்க? அந்த நம்பிக்கையை வேற யாரும் எடுத்துக்க முடியாம பண்றதுதான் பதிவு."

"ஆனா தூள்ல நண்டு இல்லியே மேடம்" என்றேன் நான். "நண்டு இல்லாததுக்கு நண்டு படம் போட்டா தப்பாயிடாதா?"

அவர் சிரித்தார். "அதையும் கேப்பாங்க. நண்டு இருக்கிறதா நெனச்சு யாரும் ஏமாறலன்னு நாம சொல்லணும். பொருளோட சம்பந்தமில்லாத படம்னா அது நல்ல மார்க்தான்."

ஏமாந்த சைவ அம்மாவைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்று எனக்குப் புரியவில்லை. சும்மா இருந்துவிட்டேன். சம்பந்தம் இல்லாவிட்டால்தான் நல்லது, ஆனால் யாரும் ஏமாறவும் கூடாது என்றால் எப்படி என்பது இன்றுவரைக்கும் எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை.

கடைசியாக அவர், "படத்தை வரைஞ்சது யாரு? அவர்கிட்ட எழுதி வாங்கினீங்களா? வரைஞ்சவரும் உரிமை கேக்கலாம். முதல்ல அவரைப் பாருங்க" என்றார்.

பெயிண்டரை மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டல் வாசலில், ஏணி மேல் கண்டுபிடித்தோம். கடப்பாக்கத்துப் பாக்கெட்டை அண்ணி தூக்கிக் காட்டினார். அவர் ஏணியிலிருந்தே பார்த்துவிட்டு முகம் மலர்ந்து, "நம்ம நண்டுக்கா! நான் போட்டதுதான்" என்றார்.

"யாருக்குப் போட்ட?"

"கடப்பாக்கத்துல ஒரு அண்ணாத்த. கருவாடு யாவாரம் பண்றவரு. மசாலா போடப்போறேன், படம் ஒண்ணு குடுன்னாரு. இந்த நண்டு நல்லா வந்திருந்திச்சி, போட்டுக் குடுத்தேன்."

"எங்க நண்ட எடுத்து அவனுக்குக் குடுத்தியா?"

அவர் இறங்கி வந்தார். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்: "உங்க நண்டு உங்க பாக்கெட்ல கீதேக்கா. நான் அத எடுக்கலியே. என் கையில கீற நண்டுதானே அவருக்குப் போட்டேன்?"

அண்ணி கையிலிருந்த பாக்கெட்டை மறுபடியும் பார்த்தார். ஒரு பொருளைத் திருடினால் அது இருந்த இடம் காலியாக இருக்க வேண்டும். இங்கே எதுவும் காலியாகவில்லை. எங்கள் நண்டும் இருந்தது, கடப்பாக்கத்து நண்டும் இருந்தது, அவர் கையில் இன்னும் எத்தனை நண்டு வேண்டுமானாலும் இருந்தது. ஆனாலும் சிங்கப்பெருமாள் கோயிலில் நான் திட்டு வாங்கியது பொய்யில்லை. ஏதோ ஒன்று எங்களிடமிருந்து போயிருந்தது. அது என்னவென்று அவரிடம் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

படத்தின் உரிமையை எங்களுக்குக் கொடுக்கிறதாக எழுதிக் கையெழுத்துப் போட அவர் மறுக்கவில்லை. "ஆனா அந்த அண்ணாத்தையும் பாருங்கக்கா. அவரு கெட்ட மனுசன் இல்ல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கடப்பாக்கத்துக்குப் பஸ் ஏறினோம். வழியெல்லாம் கணவர் என்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அங்கே கடலோரத்துப் பழைய கோட்டைக்குப் போகும் வழியில் வீடு. முற்றத்தில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அந்த மனிதரும் மனைவியும் கூடத்தில் உட்கார்ந்து, எங்களைப்போலவே, மெழுகுவத்தியில் காட்டி பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததுமே என் கணவருக்குப் பாதிக் கோபம் வடிந்துவிட்டது.

அண்ணிக்கு வடியவில்லை. "அண்ணாத்த, இந்த நண்டு எங்களுது" என்று எங்கள் பாக்கெட்டை நீட்டினார்.

அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் கையிலும் எங்கள் பாக்கெட் ஒன்று இருந்தது, பிரிக்காதது.

"நீங்கதானா அது? எங்க நண்டப் போட்டு எவனோ விக்கிறான்னு செய்யூர் கடைக்காரர் குடுத்து வுட்டாரு. நாங்களே உங்களத் தேடிகினு வரலாம்னு இருந்தோம்."

அண்ணி, "நாங்கதான் மொதல்ல" என்றார். அவர், "அதெப்படித் தெரியும்?" என்றார். பெயிண்டர் சொன்னதைச் சொன்னோம். அவருடைய முகம் விழுந்துவிட்டது. ஏற்கெனவே போட்ட படம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"உங்க தூள்ல மாவு கலந்து கீதே, அது இன்னா?" என்று கேட்டேன்.

இதற்கு அவர் மனைவிக்குத்தான் கோபம் வந்தது. "கலக்கறதா? அரிசிய வறுத்துப் போட்டுதான் எங்க வூட்ல அரைப்போம். கொயம்பு கெட்டியா நிக்கணும்ல? எங்க பக்கத்துல உங்க தூள வாங்குனவங்க, தண்ணியா ஓடுதுன்னு எங்களத் திட்டுறாங்க!"

அங்கே நான் மொத்தமாகக் குழம்பிப்போனேன். கலப்படம் என்று நான் நினைத்தது அவர்களுடைய பக்குவம். எங்களுடைய பக்குவத்தை அவர்கள் பக்கம் கலப்படம் என்று நினைத்திருக்கிறார்கள். எங்களை நம்பியவர்களும் அவர்களை நம்பியவர்களும் ஒரே நண்டைப் பார்த்து மாற்றி மாற்றி வாங்கி, மாற்றி மாற்றித் திட்டியிருக்கிறார்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் வாங்கினவர்கள் எல்லாருமே ஏமாந்திருந்தார்கள்.

சோறு போட்டார்கள். அவர்கள் தூளில் வைத்த இறால் குழம்பு. நன்றாகத்தான் இருந்தது. அண்ணி இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

நண்டை விட்டுக்கொடுக்க அந்தம்மாவுக்கு மனமில்லை. "இந்தப் படம் போயிட்டா நாங்க யாருன்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். நாங்களும் அதே பயத்தில்தான் வந்திருந்தோம். பிறகு வக்கீலிடமே இரண்டு குடும்பமும் போனோம். ஒரே வக்கீலிடம் இரண்டு தரப்பும் உட்கார்ந்ததில் அவருக்கும் சங்கடம். "நான் இவங்களுக்காகப் பேசறேன், நீங்க வேணும்னா வேற வக்கீலைக் கேட்டுக்கலாம்" என்று அவர்களிடம் தெளிவாகச் சொன்னார். அவர்கள் வேண்டாம் என்றார்கள். முதலில் உபயோகித்தவர்கள் நாங்கள் என்பதற்குக் கடை ரசீதுகள் இருந்தன. அச்சடித்து வைத்த கவர்கள் தீரும்வரை அவர்கள் நண்டிலேயே விற்கலாம், அதற்குப் பிறகு வேறு படம் போட வேண்டும், அதை அவர்களும் உடனே பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று முடிவானது. புதுப் படத்தைப் பெயிண்டர் காசு வாங்காமல் வரைந்துகொடுத்தார். பூட்ஸ் போட்ட கொக்கு. அதைப் பார்த்ததும் அண்ணி, "நமக்கு இத மொதல்லயே போட்டிருக்கலாம்ல?" என்றார்.

விண்ணப்பம் சென்னையில் மார்க் பதிவு செய்யும் அலுவலகத்துக்குப் போனது. அங்கிருந்து கேள்வி கேட்டுக் கடிதம் வந்தது, வக்கீல் பதில் எழுதினார். யாராவது ஆட்சேபம் சொல்வார்களா என்று பார்க்க விளம்பரம் செய்வார்கள், காத்திருக்க வேண்டும் என்றார். காத்திருந்தோம். அப்புறம் காத்திருக்கிறோம் என்பதே மறந்துபோனது. என் மகள் பள்ளிக்கூடம் முடித்துப் பொத்தேரிப் பக்கம் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்தது.

என் மாமனார் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் நிலத்தில் நாற்று சுமந்தவர். குடியிருந்த மனைக்குப் பட்டா கேட்டு அலைந்தே போய்ச்சேர்ந்தார். சொந்தம் என்று அரசாங்கம் முத்திரை போட்டு எங்கள் குடும்பத்துக்கு வந்த முதல் காகிதம் அந்த நண்டுடையதுதான். என் கணவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நீண்ட நேரம் நின்றார். சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை. "மண்ணுன்னா காலு வெச்சிப் பாக்கலாம். இத இன்னா பண்றது?" என்று கேட்டார்.

என்ன செய்வது என்பது அடுத்த வருஷம் தெரிந்தது, அதாவது ஓரளவுக்குத் தெரிந்தது. ஓட்டல்களுக்கும் கேன்டீன்களுக்கும் மசாலா போடும் ஒரு கம்பெனிக்காரர் எங்களைத் தேடி வந்தார். எங்கள் தூள் தொழிற்சாலைப் பையன்களிடம் பிரபலம் என்று கேள்விப்பட்டிருக்கிறார். பக்குவத்தைச் சொல்லிக்கொடுங்கள், நாங்களே அரைத்து நண்டு மார்க்கில் விற்றுக்கொள்கிறோம், உங்களுக்கு ஒரு தொகை தருகிறோம் என்றார். இதைப் பெரிய உபகாரம் செய்கிற குரலில் சொன்னார். வக்கீல் மேடம் சொல்லிவைத்திருந்தபடி நான் சான்றிதழின் நகலை எடுத்து வைத்தேன். அதைப் படித்ததும் அவர் காலை மடக்கி நேராக உட்கார்ந்தார். "ஓ, ரிஜிஸ்டர் பண்ணிட்டீங்களாம்மா" என்றார். அதுவரை எங்களை அம்மா என்று கூப்பிடவில்லை.

பக்குவத்தைச் சொல்ல அண்ணி மறுத்துவிட்டார். ஊருக்கெல்லாம் சொன்னவர் இவருக்கு ஏன் சொல்லக்கூடாது என்று பிறகு நான் கேட்டேன். "பக்கத்து வூட்டுக்காரி கேட்டா அவ வூட்டுக் கொயம்புக்குக் கேக்குறா. இவரு எதுக்குக் கேக்குறாரு?" என்றார். கடைசியில், தூளை நாங்களே அரைத்து மூட்டையாகக் கொடுப்பது, அவர்கள் தங்கள் கவரில் போட்டு விற்பது, கவரில் எங்கள் நண்டைப் போட்டுக்கொள்ள அனுமதி கொடுப்பது, அந்த அனுமதிக்குத் தனியாக அவர்கள் எங்களுக்குப் பணம் தருவது என்று ஒப்பந்தம். வக்கீல் இதை, வீட்டை வாடகைக்கு விடுவது மாதிரி என்று விளக்கினார்.

"நண்ட வாடகைக்கு வுடுறதா?" என்று அண்ணி இரண்டு முறை கேட்டார்.

"ஆமா. அவங்க சரக்கைக் கெடுத்தாலோ வேற எதுக்காவது போட்டாலோ, காலி பண்ணச் சொல்லலாம்."

சிங்கப்பெருமாள் கோயிலுக்கு உள்ளே தள்ளியிருந்த அவர்களுடைய ஆபீசில் கையெழுத்துப் போட்டோம். அண்ணி ஒவ்வொரு பக்கத்திலும் தன் பெயரை முழுசாக எழுதினார். குளிர்பானம் கொடுத்தார்கள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, எதையோ கொடுத்துவிட்டு வந்த மாதிரியும் இருந்தது, எதுவும் கொடுக்காத மாதிரியும் இருந்தது. அண்ணியும் தன் கைப்பையைத் திறந்து பார்த்துக்கொண்டார்.

அதற்கப்புறம் பெரிய மிஷின் போட்டோம், நான்கு பெண்கள் வேலைக்கு வந்தார்கள், என் கணவர் கேன்டீன் வேலையை விட்டுவிட்டு சரக்கு வண்டி ஓட்டினார். இதெல்லாம் நடந்தது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் நாங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நண்ட வித்துட்டீங்களா, இல்லியா?"

அண்ணி "இல்ல" என்றார். நான் "தெரியல" என்றேன். அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டீ வைக்க அடுப்பைப் பற்றவைத்தார்.